பழைய துணிக் குவியலில் மூளை தேடுவது எதை?

ஒரே நிறுவனத்தின் ஒரே ரகச் சட்டை. ஷோரூமில் வாங்கினால் நேராக அலமாரிக்குப் போய்விடுகிறது. அதுவே செகண்ட் ஹேண்ட் கடையில், நெருக்கியடித்துத் தொங்கும் ஹேங்கர்களுக்கு நடுவே சிக்கியது என்றால், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியாகிறது. “எவ்வளவுன்னு சொல்லு பார்ப்போம்?” என்ற கேள்வியும் தவறாமல் வரும். காசு மிச்சமான சந்தோஷம் என்று இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே தொகை மின் கட்டணத்தில் குறைந்தால் யாரும் இப்படிக் குதிப்பதில்லையே?

இதற்கான தடயம் குரங்குகளிடம் கிடைத்தது. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையிலுள்ள, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்துவந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்ததும் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, ஒரு சைகை தெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டது. அதோடு துடிப்பு சைகைக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. சைகை தெரிந்தும் சாறு வராமல் போனாலோ, வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. 1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் இதற்கு ஒரு கணித விளக்கம் தந்தார்கள். கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, அது எதிர்பார்ப்பை எவ்வளவு தாண்டியது என்பதையே இந்த அணுக்கள் கணக்கிடுகின்றன என்பதுதான் அதன் சாரம்.

ஷோரூமில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அளவுவாரியாக அடுக்கியிருப்பார்கள், விலை ஒட்டியிருப்பார்கள், நம் அளவு இல்லையென்றால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். நினைத்துப் போனது கிடைக்கிறது, அவ்வளவே. பழைய துணிக்கடையில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. விரல்கள் ஹேங்கர்களைத் தள்ளிக்கொண்டே போகின்றன. பாலியஸ்டர், மறுபடி பாலியஸ்டர், காலர் நைந்த ஒன்று, பொத்தான் போன ஒன்று. திடீரென்று கனமாக, லேசான சொரசொரப்போடு அசல் கம்பளி. கண் போய்ச் சேர்வதற்குள் விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

எதுவும் கிடைக்காத நாளில்கூடத் தேடல் அலுப்பதில்லை. 2003-இல் ஷுல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் சாறு கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நிச்சயம் வரும் என்றாலும் நிச்சயம் வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் பெரிய சலனம் இல்லை. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றபோதுதான், சைகைக்கும் முடிவுக்கும் இடையே துடிப்பு மெல்ல மெல்ல ஏறி உச்சத்தைத் தொட்டது. குரங்கின் மூளையிலிருந்து துணிக்கடைக்குத் தாவுவது கொஞ்சம் நீளமான தாவல்தான். ஆனாலும் “இந்த ஒரு வரிசையை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்” என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஏறுமுகக் கோடுதான் ஞாபகம் வருகிறது. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுக்கூடப் புறாக்கள் சளைக்காமல் கொத்திக்கொண்டே இருந்ததையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விலையும் இதே கணக்கில்தான் வருகிறது. 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாங்குவதன் இன்பத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பொருளால் நமக்கு ஆகும் பயன். மற்றது, பேரம் படிந்ததால் வரும் பயன்: ‘இது இவ்வளவு பெறும்’ என்று மனசு வைத்திருக்கும் விலைக்கும் நாம் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி. பழைய சட்டையை எடுத்தவரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். முதலில் காலரின் உட்புறம், லேபிளுக்கு. மனசிலுள்ள விலையை நிர்ணயிப்பது அந்தத் துண்டுத்துணிதான். லேபிளை யாரோ கத்தரித்திருந்தால், துணி அதேதான் என்றாலும் குதூகலம் பாதியாகிவிடும்.

2007-இல் நரம்பியலாளர் பிரையன் நட்சன் குழுவினர் 26 பேரை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்துப் பொருள்களையும் விலைகளையும் காட்டினார்கள். பிடித்த பொருளைக் கண்டதும் வெகுமதியோடு தொடர்புடைய ஒரு பகுதி விழித்தது. விலை கூடுதல் என்றால், வலி, அருவருப்பு போன்றவற்றில் பங்குள்ள இன்சுலா என்ற பகுதி விழித்தது. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் இன்னொரு பகுதியின் செயல்பாடோ, தர நினைத்த விலைக்கும் காட்டிய விலைக்கும் இருந்த இடைவெளியை ஒட்டி ஏறி இறங்கியது.

சிக்கல் என்னவென்றால், பேரத்தின் இன்பத்துக்குப் பொருளின் தயவு தேவையில்லை. தோள் பொருந்தாத கோட்டு, யாருக்கும் சேராத ஷூ எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்வது இப்படித்தான். ‘வேண்டும்’ என்ற உந்துதலும் ‘பிடித்திருக்கிறது’ என்ற அனுபவமும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று நீண்ட காலமாகச் சொல்லிவருபவர் நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜ். டோபமைனின் பங்கு பெரும்பாலும் முதலாவதில்தான் என்பது அவர் கட்சி. கொள்ளை மலிவில் வாங்கி, ஒரு தடவைகூடப் போடாத சட்டைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடிக்கடி போகிறவர்களுக்கு வேறொரு விஷயம் நடக்கிறது. நல்ல சரக்கு கிடைக்கும் என்பதே எதிர்பார்ப்பாகிவிடுவதால், ஆரம்பத்தில் சிலிர்ப்பூட்டிய பிராண்டு சட்டை இப்போது கையை நிறுத்துவதே இல்லை. அவர்கள் சட்டையை உட்புறமாகத் திருப்பித் தையலைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஜிப் பிளாஸ்டிக்கா உலோகமா, லேபிள் அச்சிட்டதா நெய்ததா, கோடுகள் பையின் விளிம்பில் பிசகாமல் சேர்கின்றனவா என்று கவனிக்கிறார்கள். பிராண்டு பெயர் அவர்களுக்குக் கடைசியில்தான் கண்ணில் படுகிறது.