நீல நம்பர் பிளேட் காரும் நம் ஊர்ச் சட்டமும்

நீல நிற நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்தோடு ஒரு கார் கடந்து போனால், நடுவில் இருக்கும் இரண்டு எழுத்தைப் பாருங்கள். 'சிடி' என்றால் தூதரகம், 'சிசி' என்றால் துணைத் தூதரகம். தூதரகங்கள் இருப்பது டெல்லியில். அதனால் சென்னையில் கண்ணில் படுவது பெரும்பாலும் சிசிதான். "அவங்களை யாரும் தொட முடியாது" என்று பொதுவாகச் சொல்வார்கள். சிசி வண்டிக்காரர் விஷயத்தில் அது பாதிகூட உண்மையில்லை.

தூதரக அதிகாரிக்குப் பாதுகாப்பு தருவது 1961 வியன்னா ஒப்பந்தம். இந்தியாவில் அதை நடைமுறைப்படுத்த 1972இல் தனிச் சட்டமே வந்தது. அவரைக் கைது செய்ய முடியாது, குற்ற வழக்கு நடத்த முடியாது. சொந்தமாக வைத்திருக்கும் வீடு நிலம், வாரிசுச் சொத்து, வேலைக்கு வெளியே செய்யும் தொழில் ஆகிய மூன்றில் மட்டும் சிவில் வழக்கு செல்லும்.

துணைத் தூதரக அதிகாரிக்கு வேறு ஒப்பந்தம், 1963ஆம் ஆண்டினுடையது. அதில் அலுவல் வேலைக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்கு. கடுமையான குற்றம் என்றால், நீதிமன்ற உத்தரவோடு கைது செய்யலாம்.

இந்த வித்தியாசத்தை நமக்குப் புரியவைத்தது தேவயானி கோப்ரகடே வழக்கு. நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரகத்தில் இருந்தவர். வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினார் என்று 2013 டிசம்பரில் கைதானார். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தது அலுவல் வேலை ஆகாது என்பது அமெரிக்காவின் வாதம். இந்தியா அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றியது. அதனால் 2014 ஜனவரி 8 அன்று தூதரக அதிகாரிக்கு உரிய முழு விலக்கு கிடைத்தது. மறுநாள்தான் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த ஒரு நாள் முந்தியதால் மார்ச் மாதம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் இரண்டே நாளில் புதிய குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. ஏனென்றால், பதவி போனால் சொந்த விவகாரங்களுக்கான பாதுகாப்பும் போய்விடும். பணிப்பெண்ணின் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், நம் ஊர் விவாதமெல்லாம் நாட்டின் மானத்தைப் பற்றியே நடந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, முழு விலக்கு உள்ளவர் உயிரையே பறித்துவிட்டால்? அந்த உரிமை அவருடையது அல்ல, அவரை அனுப்பிய நாட்டினுடையது. நாடு நினைத்தால் விட்டுக்கொடுக்கலாம். 1997இல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதி 16 வயதுச் சிறுமி இறந்தாள். ஜார்ஜியா விலக்கை விட்டுக்கொடுத்தது, அவர் சிறைக்குப் போனார். விட்டுக்கொடுக்காத நாட்டிடம், 'இவர் விரும்பத்தகாதவர், திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்' என்று காரணம்கூடச் சொல்லாமல் கேட்கலாம். அதற்கு மேல் வழி குறைவு.

அப்புறம், சிசி வண்டி உங்கள் மேல் மோதினால் தயங்காதீர்கள். சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்கில் அலுவல் வேலை என்ற விலக்கைக் காட்ட 1963 ஒப்பந்தமே இடம் தரவில்லை. நம் சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் அவர்கள் எடுத்தே ஆக வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.