அந்தரத்தில் உருகும் உலோகம்

டைட்டானியம் உருக 1,668 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூட்டில் அது எந்த மூசையையும், அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்தையும், சும்மா விடாது. மூசையின் பொருளையே அரித்துத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். தூய உலோகத்தை ஆராய நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. மூசையே இல்லாமல், உலோகத்தை அந்தரத்தில் நிறுத்தி உருக்கலாம் என்று 1923-இல் ஜெர்மனியில் ஓட்டோ மக் காப்புரிமை பெற்றார். 1952-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வாளர்கள் அதைச் செய்துகாட்டி ஆய்விதழில் விரிவாக எழுதினார்கள்.

கருவி எளியது. உள்ளே தண்ணீர் ஓடும் செப்புக் குழாயைக் கூம்பு வடிவில் சுற்றி, மேலே ஓரிரு சுற்றுகளை எதிர்த்திசையில் அமைப்பார்கள். அதில் நொடிக்குச் சில லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், உள்ளே இருக்கும் உலோகத் துண்டு மிதக்கும். மிதந்தபடியே பழுத்து, உருகி, துளியாகிவிடும்.

ஏன் மிதக்கிறது? மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. லென்ஸ் விதிப்படி அது அந்த மாற்றத்தை எதிர்க்கிறது. ஆகவே விலக்கு விசை. பெரும்பாலான விளக்கங்கள் இதோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் இது பாதி விடைதான். லென்ஸ் விதி எதிர்ப்பது புலத்தை அல்ல, புலத்தின் மாற்றத்தை. புலம் வளரும்போது விலக்கினால், தேயும்போது அதே விதி ஈர்க்க வேண்டுமே! உலோகத்தில் மின்தடை மட்டும் இருந்தால் நடப்பதும் அதுதான்: கால் சுற்று விலக்கு, கால் சுற்று ஈர்ப்பு; கூட்டினால் பூச்சியம்.

காப்பாற்றுவது ஒரு தாமதம். சுழல் மின்னோட்டமும் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் அது சட்டென வளராது, சட்டென அடங்காது. ஊஞ்சலைத் தள்ளும் விசை நின்ற பிறகும் ஊஞ்சல் போய்க்கொண்டிருப்பது போல, தூண்டும் மின்னழுத்தத்துக்கு இந்த மின்னோட்டம் பின்தங்கியே வருகிறது. புலம் தேயத் தொடங்கிய பிறகும் விலக்கும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். விலக்கும் நேரம் நீள்கிறது, ஈர்க்கும் நேரம் சுருங்குகிறது. மின்தடை குறையக் குறைய, அதிர்வெண் கூடக் கூட, இந்தத் தாமதமும் கூடும். சிறு துண்டுக்கு உயர் அதிர்வெண் தேவைப்படுவது அதனால்தான். அலுமினியத்தில் 50 ஹெர்ட்ஸ் புலம் 12 மில்லிமீட்டர் ஆழம் வரை ஊடுருவும். 4 லட்சம் ஹெர்ட்ஸில் 0.13 மில்லிமீட்டர்தான். அப்போது மின்னோட்டமெல்லாம் துண்டின் தோலிலேயே ஓடி, புலத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. புலம் வலுவாக உள்ள இடத்திலிருந்து துண்டு தள்ளப்படுகிறது. எதிர்ச்சுற்றுக்குக் கீழே புலம் மெலிந்த இடத்தில் தங்குகிறது.

பூமியில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. தூக்கும் மின்னோட்டமேதான் சூடாக்குகிறது. துளியைக் குளிர்விக்க மின்சாரத்தைக் குறைத்தால் அது விழுந்துவிடும். ஹீலியம் போன்ற வாயுவை ஊதித்தான் சமாளிக்கிறார்கள். தூக்கும் விசையோ திரவத் துளியைப் பிதுக்கி, கலக்கிவிடுகிறது.

விண்வெளியில் எடை இல்லை, ஆகவே தூக்க வேண்டியதும் இல்லை. துளியை நடுவில் நிறுத்த மெல்லிய புலம் போதும். சூடாக்க வேறொரு புலம். 2014-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட உலையை ஜெர்மன் விண்வெளி வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் பொருத்தினார். சூடாக்கும் புலத்தை ஒரு கணம் தட்டிவிட்டால் துளி விரிந்து சுருங்கி அதிரும். அதிரும் வேகத்திலிருந்து பரப்பு இழுவிசையையும், அதிர்வு அடங்கும் வேகத்திலிருந்து பாகுத்தன்மையையும் கணக்கிடுகிறார்கள். டர்பைன் இறக்கைகளை வார்ப்பவர்கள், உலோகம் அச்சுக்குள் எப்படிப் பாயும் என்று கணினியில் முன்கூட்டிப் பார்க்கத் தேவைப்படும் எண்கள் இவை.