ஒரு சொட்டு ஸ்குவாலேன் வந்த வழி

உள்ளங்கையில் ஸ்குவாலேன் என்ற முகப்பூச்சு எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நிறமில்லை, மணமில்லை. விரலால் தேய்த்தால் பிசுபிசுக்காமல் பரவி, சற்று நேரத்தில் தோலோடு தோலாகிவிடும். நம் தோலுக்கு இது அந்நியமான பொருளும் அல்ல. முகத்தில் சுரக்கும் எண்ணெயில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இதன் உடன்பிறப்பான ஸ்குவாலீன்தான். அதன் மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றுப் பட்டதும் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அந்தப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றிவிட்டால் நாள்பட்டாலும் கெடாத ஸ்குவாலேன் கிடைக்கிறது. முகப்பூச்சுப் புட்டிகளில் இருப்பது இதுதான்.

பெயரிலேயே சுறா இருக்கிறது. ‘ஸ்குவாலஸ்’ என்பது ஒரு சுறாப் பேரினத்தின் பெயர். 1906-ல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ, சுறா ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீனைக் கண்டறிந்தார். சுறாவுக்கு இது எதற்கு? பெரும்பாலான மீன்களுக்கு மிதப்பதற்குக் காற்றுப்பை உண்டு, சுறாவுக்கு இல்லை. கடல்நீரைவிட லேசான எண்ணெயை ஈரலில் சேர்த்துவைத்துத்தான் அது ஆழத்தில் மூழ்கிப்போகாமல் நீந்துகிறது. ஆழ்கடல் சுறாக்கள் சிலவற்றுக்கு ஈரல் மட்டுமே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

அந்த ஈரலே அவற்றின் உயிருக்கு உலை வைத்தது. குளிர்ந்த இருட்டில் வாழும் இந்த உயிர்கள் மிக மெதுவாக வளர்பவை. குட்டி போடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். சில இனங்கள் ஒரு பேற்றில் ஓரிரு குட்டிகளே ஈனும். அப்படிப்பட்ட உயிரை மத்தி மீனைப் பிடிப்பதுபோல அள்ளினால் கூட்டம் மீண்டு வராது. 2008-ஐ ஒட்டிப் பெரிய நிறுவனங்கள் சில சுறா எண்ணெயைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆனால் அந்த வணிகம் முற்றிலும் நின்றுவிடவில்லை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. ஆலிவ் எண்ணெயில் ஸ்குவாலீன் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் எண்ணெயைச் சுத்திகரித்து வாடையை நீக்கும்போது ஆவியாகிப் பிரியும் கழிவில் அது செறிந்து நிற்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு மரம்கூடப் புதிதாக நட வேண்டியதில்லை என்பதால், கிடைக்கும் வழிகளில் இதுவே எனக்கு நெருடல் குறைந்ததாகப் படுகிறது. இன்னொரு வழி கரும்பு. மரபணு மாற்றிய ஈஸ்ட், கரும்புச் சர்க்கரையைத் தின்று ஃபார்னசீன் என்ற 15 கார்பன் மூலக்கூறைச் சுரக்கிறது. இரண்டு ஃபார்னசீனைக் கோத்து ஹைட்ரஜன் ஏற்றினால் 30 கார்பன் கொண்ட ஸ்குவாலேன். சுறா தப்பித்தது, ஆனால் கரும்புக்கு நிலமும் நீரும் வேண்டும், அறுவடைக்கு முன் சோகையை எரித்தால் புகையும் எழும்.

மூன்று வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. புட்டியில் அச்சாகும் பெயரும் ஒன்றே. அப்படியானால் சுறாவைக் கண்டுபிடிப்பது எப்படி? கார்பனை எடைபோட்டுத்தான். இயற்கையில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம், சற்றே எடை கூடிய கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு தாவரமும் அதைக் கொஞ்சம் கூடவோ குறையவோ சேர்த்துக்கொள்கிறது. கரும்பில் அது கூடுதல், ஆலிவில் குறைவு, கடல் உணவுச்சங்கிலியில் வளர்ந்த சுறாவில் இரண்டுக்கும் நடுவே. எவ்வளவு சுத்திகரித்தாலும் இந்த அடையாளம் அழியாது. ஆய்வகத்தில் ஒரு சொட்டு போதும், அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

முகப்பூச்சில் சேர்க்கும் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால் போன்றவற்றிலும் இதே புதிர் உண்டு. இவை பெரும்பாலும் பாமாயிலிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோ வருகின்றன, ஆனால் பெயரில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. காடும் கரிச்சதுப்பு நிலமும் அதற்காக அழிந்திருக்கின்றன. அதற்காகப் பாமாயிலை அடியோடு ஒதுக்குவதும் சரியாகாது. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயைச் சோயாவிலிருந்து பெறப் பல மடங்கு நிலம் வேண்டும். எந்த நிலத்தில் நட்டார்கள் என்பதுதான் கேள்வி.

இனி, கழுவிய பிறகு என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்ஸிபென்சோன் புற ஊதாக் கதிரை உள்வாங்கி வெப்பமாக வெளிவிடும். நம் தோலைக் காப்பது அப்படித்தான். பவளத்தின் உறவினமான கடற்சாமந்தியை வைத்து 2022-ல் வெளியான ஆய்வொன்று, அதே பொருள் கடலில் வேறு வேலை செய்வதைக் காட்டியது. கடற்சாமந்தி அதை நஞ்சகற்றும் முயற்சியில் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைக்கிறது. பிணைந்ததும் அது ஒளி பட்டால் செல்லைச் சிதைக்கும் பொருளாக மாறிவிடுகிறது. பவளத்தை வெளுக்கவைக்கும் முதல் காரணம் கடல் வெப்பமாவதே என்பதில் மாற்றமில்லை. கடலில் கரையும் சன்ஸ்கிரீனின் அளவும் பெரும்பாலான இடங்களில் மிகக் குறைவு. ஆயினும் பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும் ஹவாய் 2021-லும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை விதித்தன. அந்த எச்சரிக்கை வீணல்ல என்பதைப் பிறகு வந்த அந்த 2022 ஆய்வின் இன்னொரு முடிவு காட்டுகிறது. கடற்சாமந்தி, பவளம் ஆகியவற்றின் உடலுக்குள் வாழும் பாசிகள் அந்த நஞ்சில் பெரும்பகுதியைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. வெப்பத்தால் வெளுத்த பவளத்திடம் அந்தப் பாசிகள் இருப்பதில்லை.