விலை தேடிப் போன படகுகள்

தன் லாபத்தை மட்டும் பார்க்கிற வியாபாரியால் ஊருக்கு நன்மை விளையும் என்று பொருளியல் சொல்வதை எப்படி நம்புவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கருத்தைக் குறிக்கும், பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தின் ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ பாடப்புத்தகத்திலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகிறது. 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் அந்தத் தொடர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்பதையும், அது எல்லாச் சந்தைகளுக்கும் அவர் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அன்று என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கை இயங்கும் விதத்தை வடகேரளத்தின் மத்தி மீன் காட்டுவதுபோல் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றை நான் அறியேன்.

நம் கரையில் சாளை என்று வழங்கும் மத்தி விரைவில் கெட்டுவிடும். கடற்கரையிலேயே விடியற்காலையில் ஏலம் நடந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், ஒரு படகு ஒரு நாளில் ஒரு கரைக்குத்தான் போய்ச் சேர முடியும். பக்கத்துக் கரையில் என்ன விலை என்பது தெரியாத நிலையில், எரிபொருளைச் செலவழித்து அங்கே போவது சூதாட்டத்துக்குச் சமம் என்பதால், எல்லோரும் சொந்தக் கரைக்கே திரும்பினார்கள். 1997 ஜனவரி 14 அன்று கோழிக்கோடு மாவட்டத்து வடகரை என்ற ஊரில் 11 மீனவர்கள் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டும் நிலையில் இருந்தார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தார்கள்.

அந்த மாதத்தில் கோழிக்கோட்டிலும், அடுத்த சில ஆண்டுகளில் கண்ணூரிலும் காசர்கோட்டிலும் கைப்பேசிச் சேவை வந்தது. கரையோரக் கைப்பேசிக் கோபுரங்களின் சமிக்ஞை கடலுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேலும் எட்டியதால், வலையை இழுத்த கையோடு மீனவர் பல கரைகளின் விலையைக் கேட்டறிய முடிந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு எத்தனை முறை எண்ணினாலும் வியப்பளிப்பது. கொயிலாண்டிக் கரையில் விலை கூடுதல் என்று கேட்ட படகு அங்கே திரும்புகிறது. அது இறக்கிய மீனால் அங்கே விலை சற்று இறங்குகிறது. அது வராமல் போனதால் சொந்தக் கரையில் குவியல் குறைந்து விலை சற்று ஏறுகிறது. அடுத்த படகுக்கும் போவதில் லாபம் உண்டு, ஆனால் முந்தையதைவிடக் குறைவாக. இப்படி ஒவ்வொரு படகும் தான் தேடிப் போன விலை வேறுபாட்டையே கொஞ்சம் அழித்துவிட்டு வருகிறது. இரு கரைகளின் விலை வேறுபாடு எரிபொருள் செலவளவுக்குச் சுருங்கியதும், இனி எந்தப் படகும் திசை மாறுவதில்லை. மீன் மிகுந்த கரையிலிருந்து மீன் இல்லாத கரைக்கு மீனை அனுப்பிய அதிகாரி எவரும் இல்லை. பக்கத்து ஊருக்கு மீன் கிடைக்க வேண்டும் என்று எந்தப் படகோட்டியும் நினைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1996 முதல் 2001 வரை 15 கடற்கரைச் சந்தைகளிலும் 300 படகுகளிடமும் வாரந்தோறும் திரட்டிய விவரங்களின்படி, முன்பு மீன்பாட்டில் 5 முதல் 8 விழுக்காடு வரை வீணானது, பிறகு அநேகமாக இல்லாமலே போனது. மீனவரின் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்குவோர் கொடுத்த விலையும் 4 விழுக்காடு குறைந்தது. இரு தரப்புக்கும் கிடைத்த ஆதாயத்தின் பெரும்பகுதி, முன்பு கொட்டப்பட்ட மீனிலிருந்தும் தவறான கரையில் குவிந்த மீனிலிருந்தும் வந்தது. ஐந்தாண்டுக் காலம் கரையில் நின்று விலை குறித்துக்கொள்ளும் இத்தகைய பொறுமையான ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்தப் பொறிமுறை விலையாக மாறும் செய்தியை மட்டுமே சுமந்து செல்லும். இன்று பிடிக்கும் குஞ்சு மீனால் அடுத்த ஆண்டு ஏற்படப்போகும் இழப்பு ஏல விலையில் சேர்வதில்லை. ஒருவர் விட்டுவைத்தாலும் இன்னொருவர் வலையில் அது சிக்கும் என்பதால், இங்கே அதே தன்னலம் எல்லோரையும் முந்திக்கொண்டு பிடிக்கத் தூண்டுகிறது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு விதி வகுக்க வேண்டியிருந்தது அதனால்தான்.