விழப்போகிற பல்லை ஏன் அடைக்கச் சொல்கிறோம்

சேலத்தில் குழந்தைகள் பல் மருத்துவராக இருக்கிறேன். போன வாரம் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அப்பா வந்தார். வலது கன்னம் கண்ணுக்குக் கீழ்வரை வீங்கி மினுமினுவென்று இருந்தது. காய்ச்சல். இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. மேல் கடைவாயில் முதல் பால் பல் வெறும் ஓடாக நின்றது. எப்போதிருந்து சொத்தை என்று கேட்டதும், அவர் பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தது. பல்லில் சொத்தை, அடைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தேதி போன வருடம் ஆகஸ்ட்.

“அப்ப கடுகு சைசுலதாங்க டாக்டர் இருந்துச்சு. விழற பல்லுக்கு எதுக்குடா காசுன்னு எங்கம்மா சொன்னாங்க. சரின்னு விட்டுட்டோம்.”

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆட்டோ ஓட்டுகிறவரும் இதைத்தான் சொல்கிறார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவரும் இதைத்தான் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பொக்கை வாயைப் பார்த்துப் பார்த்து, பால் பல் என்றாலே ஏழு வயதுக்குள் எல்லாம் கொட்டிவிடும் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. கொட்டாது. கடைவாய்ப் பால் பற்கள் 8 இருக்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பவை விழுவது 9 முதல் 11 வயதில். பின்னால் இருப்பவை 10 முதல் 12 வயதில். பள்ளம் பள்ளமாக இருப்பதால் உணவு தங்கிச் சொத்தை பிடிப்பதும் இந்தக் கடைவாய்ப் பற்களில்தான் அதிகம். அப்படியென்றால் நாலு வயதில் சொத்தையான பல் இன்னும் ஆறேழு வருடம் வாயில் இருந்தாக வேண்டும். பிள்ளை யூ.கே.ஜி. முடித்து, ஆரம்பப் பள்ளி முடித்து, ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை அந்தப் பல்லில்தான் சோறு மெல்ல வேண்டும். அதைப் பார்த்து ‘விழப்போகிற பல்’ என்று சொல்லும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

மெல்லுவது மட்டுமா? ஒவ்வொரு பால் பல்லுக்கும் அடியில், எலும்புக்குள், ஒரு நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் பல் மாதக்கணக்கில் சீழ் பிடித்துக் கிடந்தால் அடியில் வளரும் பல்லின் எனாமல், அதாவது வெளிப்புறக் கெட்டிப் படலம், பாதிக்கப்படலாம். அப்படிப் பாதிக்கப்பட்ட பல், பழுப்புத் திட்டும் குழியுமாகத்தான் முளைக்கும்.

அடுத்து, இடம். “பிடுங்கி விட்டுடுங்க டாக்டர், தொல்லை விட்டுச்சு” என்பார்கள். பிடுங்குவது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் கடைசிப் பால் பல்லைச் சீக்கிரமே எடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் வரும் பெரிய கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினோரு வயதில் அங்கே வரவேண்டிய பல்லுக்கு வழி இருக்காது. ஒன்று கோணலாக வரும், இல்லை எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பிடுங்கியே ஆகவேண்டிய பிள்ளைகளுக்கு இடம் மூடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைக்கச் சொல்கிறோம். அடைப்பதற்கு யோசித்த காசை எல்லாம் சேர்த்து, பதின்மூன்று வயதில் பல்லுக்குக் கம்பி கட்டச் செலவழிக்கிறவர்களைத் தினம் பார்க்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 6 வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அது நிரந்தரப் பல். அறுபது வயதுவரை வேலை செய்ய வேண்டியது. பல் எதுவும் விழவில்லையே, இதுவும் பால் பல்லாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். எட்டு வயதில் அந்தப் பல்லில் சொத்தைக் குழியோடு பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். அதற்கு மாற்றுப் பல் இல்லை. அந்தப் பல் முளைத்ததும் அதன் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். சீலன்ட் என்போம். ஊசி கிடையாது, வலி கிடையாது.

சரி, அடைப்பது என்றால் என்ன செய்கிறோம்? சொத்தை சின்னதாக இருந்தால் மெத்துமெத்தென்று ஆகிவிட்ட பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே ஜி.ஐ.சி. என்ற சிமெண்டை வைத்து அடைக்கிறோம். அது பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும். பல சமயம் மெஷினே தேவைப்படாது, கைக்கருவி போதும். அப்பா மடியில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொண்டு போன மூன்று வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு.

சொத்தை இரண்டு பல்லுக்கு நடுவில் பரவிப் பெரிதாகிவிட்டால் வெறும் சிமெண்ட் நிற்காது. ஸ்டீல் கேப் போடச் சொல்வோம். உடனே முகம் மாறும். “வெள்ளிப் பல் மாதிரி தெரியுமே, கேலி பண்ணுவாங்களே.” கடைவாயில் இருப்பது சிரித்தால்கூட அவ்வளவாகத் தெரியாது. பால் பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழுந்துவிடும். 1950-லிருந்து குழந்தைகளுக்குப் போட்டுவரும் கேப் இது. பெரிய சொத்தைக்கு இதைப்போல் நிலைத்து நிற்பது வேறில்லை. நரம்பு நன்றாக இருக்கும் பல்லில், ஊசி போடாமல், சுரண்டாமல், சொத்தையை உள்ளேயே வைத்து மூடி கேப்பை மாட்டிவிடும் முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்தது. காற்றும் உணவும் போகாமல் அடைத்துவிட்டால் சொத்தை அதற்குமேல் பரவுவதில்லை. சொத்தையை விட்டுவைக்கிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம், தெரிந்துதான் செய்கிறோம்.

நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று அலறும் சின்னக் குழந்தைக்குச் சொத்தையில் தொட்டு வைக்கும் மருந்து ஒன்று உண்டு. வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. சொத்தை அங்கேயே நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கருப்பாகிவிடும். கருப்பு என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். குழந்தை வளர்ந்து ஒத்துழைக்கும்போது அதன் மேல் அடைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பால் பல்லையும் அடைத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. ஆட ஆரம்பித்துவிட்ட பல்லை நானே விட்டுவிடச் சொல்வேன். அதை எக்ஸ்ரே பார்த்து, அடியில் இருக்கும் பல் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். வீட்டில் இருந்தபடி முடிவு செய்யாதீர்கள்.

பால் பல்லில் எனாமலின் கனம் நிரந்தரப் பல்லில் இருப்பதில் பாதிதான். நரம்பு மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கிறது. கடுகு சைஸ் புள்ளி சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். தொட்டுவிட்டால் அடைப்பது போதாது, வேர் சிகிச்சைக்குப் போக வேண்டும். “குழந்தைக்குமா ரூட் கெனால்?” என்று அதிர்ச்சியாகக் கேட்பார்கள். ஆமாம், குழந்தைக்கும்தான். பெரியவர்களுக்கு வைக்கும் பொருளை வைக்காமல், பால் பல் விழுவதற்கு முன் அதன் வேர் கரையும்போது சேர்ந்து கரைந்துவிடும் மருந்தாக வைக்கிறோம். நாலைந்து மடங்கு செலவு, இரண்டு மூன்று தடவை வர வேண்டும், ஊசி போட்டாக வேண்டும். இத்தனையும் அந்தக் கடுகு சைஸிலேயே வந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

“வலிக்கவே இல்லையே டாக்டர்?” சொத்தை ஆரம்பத்தில் வலிக்காது. நரம்பு செத்துப்போன பிறகும் வலிக்காது. நடுவில் கொஞ்ச நாள்தான் வலிக்கும். ராத்திரி அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஈறில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து, மறுபடி வருகிறதா? அது சீழ் வெளியேறும் வழி. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுத்தால் வீக்கம் வடியும். பல் அப்படியேதானே இருக்கிறது? அடுத்த மாதம் திரும்ப வீங்கும். கன்னத்து வீக்கம் கண்ணை மூடுகிற அளவுக்கு வந்தாலோ, தாடைக்குக் கீழே வீங்கி விழுங்க, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ கிளினிக் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்துப் புழு எடுக்கிறோம் என்று இன்னும் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். பல்லில் புழு கிடையாது. 1728-லேயே பாரிஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் தேடிப் பார்த்து, இல்லை என்று எழுதி வைத்துவிட்டார். புழு என்று காட்டுவது விதையிலிருந்து வந்தது. தயவுசெய்து பிஞ்சு வாயில் சூடான புகையை விடாதீர்கள்.

அடைத்த பிறகு வரும் குறை: “ஆறு மாசத்துல பக்கத்துப் பல்லும் சொத்தையாயிடுச்சு, நீங்க அடைச்சது சரியில்லை.” நான் ஓட்டையை அடைக்கிறேன். ஓட்டை எதனால் வந்ததோ அது வீட்டில் நடந்துகொண்டேயிருந்தால் நான் என்ன செய்ய முடியும்? தூங்கும்போது வாயில் சர்க்கரை போட்ட பால் புட்டியா? நிறுத்துங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, குடித்த பால் பற்களின் மேலேயே தேங்கி நிற்கும். மேல் முன்பற்கள் நாலும் அரித்துப்போய், கீழ் முன்பற்கள் மட்டும் நாக்கு மறைப்பதால் நன்றாக இருக்கிற குழந்தையைப் பார்த்தால், ராத்திரிப் புட்டி உண்டா என்று நான் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு வயதுக்குள் டம்ளருக்கு மாற்றுங்கள். பிஸ்கட்டை நாள் முழுக்கக் கொறிக்கக் கொடுக்காதீர்கள். இருமல் சிரப் கொடுத்தால் பின்னால் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

முதல் பல் முளைத்த நாளிலிருந்து பிரஷ். ஏழெட்டு வயதுவரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். “அவனே தேய்ச்சுக்குவான்” என்பது எடுபடாது. ராத்திரித் தேய்ப்பு காலையைவிட முக்கியம்.

பேஸ்ட் விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தில் சில பகுதிகள் ஆகிய இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் மஞ்சளாகிக் கறைபட்ட தாத்தா பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஃபுளோரைடு என்றாலே பயப்படுகிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது அதற்காகத்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வருடக்கணக்கில் உடம்பில் சேர்வது வேறு, பல்லின் மேல் தடவித் துப்புவது வேறு. 1000 பி.பி.எம். ஃபுளோரைடு என்று டியூபில் போட்டிருக்கும் பேஸ்டை, 3 வயதுவரை அரிசி அளவும், 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவும் வைத்தால் போதும். போர்த் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் பல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். படத்துக்காகவும் பழ வாசனைக்காகவும் வாங்கும் குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை செல்போன் டார்ச் அடித்து, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் கட்டம். அந்த நிலையில் வந்தால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசியே நிறுத்திவிடலாம், அடைக்கவே வேண்டாம்.

காசு இல்லை என்பது உண்மையான காரணம், நான் மறுக்கவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும் மருத்துவக் குழு, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிறது. அவர்கள் தரும் சீட்டைக் காட்டினால் மேல்சிகிச்சைக்கு வழி செய்வார்கள். அதைப் பர்ஸில் மடித்து வைக்காதீர்கள்.

கடைசியாக, கிளம்பும் முன் ஒரு வேண்டுகோள். “சொன்ன பேச்சு கேக்கலன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க” என்று வீட்டில் மிரட்டிவிட்டு எங்களிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள். வலிக்கவே வலிக்காது என்று பொய்யும் சொல்ல வேண்டாம். “பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, கழுவி விடுவாங்க” என்றால் போதும், மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம். தூக்க நேரத்தில் வேண்டாம், காலையில் சாப்பிட வைத்து அழைத்து வாருங்கள். கீழ்ப்பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டில் உணர்வு இருக்காது. பிள்ளை வேடிக்கையாக உதட்டைக் கடித்துக்கொண்டே இருக்கும், சாயங்காலம் உதடு வீங்கி வெள்ளையாகப் புண்ணாகி நிற்கும். அது சீழ் இல்லை, ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து உதட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.