மார்ஃபிங், டீப்ஃபேக், போலி: எந்த வீடியோவுக்கு எந்தப் பேரு?

"தம்பி, இது மார்ஃபிங்காப்பா?"ன்னு கேட்டு பெரியப்பா போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினார். 40 செகண்டுதான், ஏதோ லாட்ஜ் ரூம் மாதிரி இடம், மங்கலா ஒரு ஆளு, பிரபலமான ஒரு அரசியல்வாதின்னு கீழ எழுதியிருக்காங்க, மேல ரெட்டை அம்புக்குறி, அதாவது எத்தனையோ கை மாறி வந்தது. நான் திறக்கிறதுக்குள்ளயே குடும்ப குரூப்ல ரெண்டு கோஷ்டி ஆயிடுச்சு, ஒரு பக்கம் "அவரேதான்", இன்னொரு பக்கம் "பக்கா மார்ஃபிங்". சித்தப்பா ஒருத்தர் கோவிச்சுட்டு குரூப்பை விட்டே போயிட்டார். அந்த ஒரு வார்த்தைய வச்சுட்டு நாம எத்தனை விதமான விஷயத்த சொல்றோம்னு அப்பதான் உறைச்சது.

முதல்ல மார்ஃபிங். கிரேக்கத்துல மார்ஃபேன்னா உருவம், வடிவம். கூட்டுப்புழு பட்டாம்பூச்சி ஆகிறதுக்கு இங்கிலீஷ்ல மெட்டமார்ஃபோசிஸ்னு சொல்றாங்களே, அதுல நடுவுல இருக்கிற துண்டு இது. 1980கள், 90கள்ல சினிமா கிராஃபிக்ஸ்காரங்க ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமா உருகி இன்னொரு முகமா மாறுற வித்தைக்கு இந்தப் பேர வச்சாங்க. அதுக்கு தமிழ்ல உருமாற்றம்னு சொன்னா சரியா பொருந்தும். ஆனா நம்ம ஊர் செய்தியில "மார்பிங் செய்து மிரட்டல்"னு வருதே, அங்க எதுவும் உருமாறல, ஒருத்தர் முகத்த வெட்டி இன்னொருத்தர் உடம்புல ஒட்டியிருக்காங்க, அவ்வளவுதான். அத ஒட்டுப்படம்னு சொன்னா பாட்டிக்கும் புரியும்.

டீப்ஃபேக் அதுக்கு ரொம்ப பின்னாடி வந்தது. 2017 கடைசியில ரெட்டிட்ங்கிற இணைய மன்றத்துல ஒரு ஆளு அதே பேர்ல கணக்கு வச்சு, நடிகைகள் முகத்த ஆபாசப் படங்கள்ல மாத்திப் போட்டான், அந்தக் கணக்குப் பேரே பொதுப் பேரா நின்னுடுச்சு. 2018 பிப்ரவரியில ரெட்டிட் அந்தப் பக்கத்த தடை பண்ணிட்டாங்க. பொண்ணுங்க முகத்த திருடுறதுல பிறந்த வார்த்தை இதுங்கிறத நாம மறக்கவே கூடாதுன்னு நினைக்கிறேன். இதுல வர்ற டீப், டீப் லேர்னிங்ல இருந்து வந்தது, அதாவது அடுக்கு அடுக்கா இருக்கிற நியூரல் நெட்வொர்க், நிறைய படத்தப் பார்த்து கம்ப்யூட்டரே கத்துக்கிற முறை. இதுக்கு ஆழ்போலின்னு ஒரு தமிழாக்கம் ஓடுது. தப்பில்ல, ஆனா ஆழ்கடல், ஆழ்மனம், ஆழ்துளைக் கிணறுன்னு பழகின காதுக்கு ஏதோ ரொம்ப ஆழத்துல புதைஞ்ச போலின்னு கேக்குது, உண்மையில என்ன நடந்துச்சுன்னு அந்தச் சொல் சொல்லவே இல்ல.

சரி, போலின்னா என்ன? போல்ங்கிற வேர்ல இருந்து வந்தது, ஒண்ணைப் போல இருக்கிற இன்னொண்ணு. நம்ம இலக்கணத்துலயே போலி இருக்கு, பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்போம். மயல், மையல்னு வந்தா முதற்போலி, அரசு, அரைசுன்னு வந்தா இடைப்போலி, அறம், அறன்னு வந்தா கடைப்போலி. ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு எழுத்து வந்து உக்காந்துக்கும், ஆனா பொருள் துளி கூட மாறாது. வீடியோவுல அதே வேலை தலைகீழா நடக்குது, முகம் இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு முகம் உக்காருது, பொருள் மொத்தமும் மாறிடுது. அதனால எனக்குப் பிடிச்ச சொல் முகப்போலி. குரல மட்டும் செஞ்சிருந்தா குரற்போலி. முதற்போலி மாதிரியே வாயில வருது பாருங்க, கூடவே எத மாத்தினாங்கன்னும் சொல்லிடுது.

இந்த ரெண்டுலயும் சேராத வீடியோவும் உண்டு. 2019 மே மாசம் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசி குடிச்சிட்டு குளறுற மாதிரி ஒரு வீடியோ பரவுச்சு. முகமும் அவங்களுதுதான், பேச்சும் அவங்களுதுதான், வேகத்த மட்டும் முக்கால்வாசியா, ஏறக்குறைய 75 சதவீதமா குறைச்சிருந்தாங்க. இத டீப்ஃபேக்னு சொன்னா தப்பு, ஒரிஜினல்னு சொன்னா அதவிட தப்பு. திரிப்புன்னு ஒரு நல்ல சொல் இருக்கு, அதுதான் இதுக்கு.

ஒரிஜினல்ங்கிற வார்த்தையும் லேசுப்பட்டதில்ல. 2019 ஜூன்ல மலேசியாவுல ஒரு கேபினட் அமைச்சர்னு சொல்லி படுக்கையறை வீடியோ வாட்ஸப்ல பரவி நாடே கொந்தளிச்சது. அவர் மறுத்தார், அரசியல் சதின்னார். ஜூலையில போலீஸ் தலைவர் அப்துல் ஹமீத் படோர் சொன்னது ரெண்டு விஷயம்: நிபுணர்கள் பார்த்ததுல வீடியோ உண்மையானது, ஆனா முக அடையாளச் சோதனையில அதுல இருக்கிறது யாருன்னு உறுதி பண்ண முடியல. அதாவது கேமரா முன்னாடி நிஜமாவே நடந்த ஒண்ணு, ஆனா இவர்தான்னு சொல்ல முடியாது. நாம "ஒரிஜினலாம்"னு கேட்ட உடனே "அப்ப அவர்தான்"னு தாவிடுறோம், நடுவுல இருக்கிற அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியறதில்ல. மெய்யான வீடியோவாங்கிறது ஒரு கேள்வி, மெய்யான ஆளாங்கிறது வேற கேள்வி.

கண் சிமிட்டலன்னா போலின்னு ஒரு டிப்ஸ் சுத்துதே, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க. ஆப்பிரிக்காவுல இருக்கிற காபோன் நாட்டுக்கு அப்ப அதிபரா இருந்த அலி போங்கோ 2018 அக்டோபர்ல உடம்பு முடியாம படுத்தார், பக்கவாதம். ரெண்டு மாசம் கழிச்சு புத்தாண்டு வீடியோவுல வந்தப்ப முகம் விறைப்பா இருந்தது, கண்ணு சரியா சிமிட்டல, உடனே டீப்ஃபேக்னு பேச்சு கிளம்பிடுச்சு. 2019 ஜனவரி 7 ராணுவத்துல ஒரு பிரிவு ஆட்சியப் பிடிக்கவே முயற்சி பண்ணாங்க, அந்த வீடியோவையும் ஒரு காரணமா காட்டினாங்க. பின்னாடி ஆராய்ஞ்சவங்களுக்கு அது போலிங்கிறதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. நோய்ல விழுந்து எழுந்த ஒரு மனுஷனோட முகம் அது.

பெரியப்பா அனுப்பினத நான் லேப்டாப்ல விஎல்சி வீடியோ பிளேயர்ல போட்டேன், ஈ பட்டன அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். முகப்போலியில தடுமாற்றம் வர்றது பெரும்பாலும் தலை பக்கவாட்டுல திரும்புறப்ப, இல்ல முகத்துக்கு குறுக்க கை போறப்ப, தாடை ஓரமோ கண்ணாடிக் காம்போ ஒரு நொடி கரையும். இதுல 22வது செகண்டுல அந்த ஆளு மூக்க தடவுறார். அங்க நிறுத்திப் பார்த்தா விரல், மூக்கு, சுவரு எல்லாமே சின்னச் சின்ன கட்டமா உடைஞ்சு கிடக்கு. வாட்ஸப் ஒவ்வொரு தடவ அமுக்கி அனுப்புறப்பவும் இந்தச் சேதாரம் கூடும், தடயமும் அதோட போயிடும். ஒவ்வொரு கேமரா சென்சாருக்கும் கைரேகை மாதிரி ஒரு இரைச்சல் இருக்கு (சத்தம் இல்ல, படத்துல படியிற நுண்ணிய புள்ளிகள்), லேப்ல அத வச்சுதான் எந்த போன்ல எடுத்ததுன்னு பார்ப்பாங்க, அதுக்கு முதல்ல எடுத்த ஃபைல் வேணும், முடிஞ்சா அந்த போனே வேணும். 2024 ஜூலை 1ல இருந்து வந்திருக்கிற புது சாட்சியச் சட்டத்துலயும் மின்னணு ஆதாரத்தோட குடுக்கிற சான்றிதழ்ல ஹாஷ் எண் கேக்குறாங்க, ஃபைல்ல இருக்கிறத வச்சு கணக்கு போட்டு எடுக்கிற எண் அது. ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிடும். நம்ம குரூப்புக்கு வந்து சேர்ந்த காப்பிய வச்சு உண்மைன்னோ பொய்ன்னோ யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

இதனால நிஜமாவே தப்பு பண்ணவங்களும் "மார்ஃபிங்"னு ஒத்த வார்த்தையில தப்பிச்சுக்கலாம். அமெரிக்க சட்டப் பேராசிரியர்கள் ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் ரெண்டு பேரும் இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க, தமிழ்ல சொன்னா பொய்யனுக்குக் கிடைக்கிற லாபம். அதனாலதான் மறுக்கிறவர்கிட்டயும் "முகப்போலியா, குரற்போலியா, திரிப்பா, இல்ல ஆளே வேறயா, எதுங்க?"ன்னு கேக்கணும்னு சொல்றேன். நாலுக்கும் சோதனை வேற வேற.

பெரியப்பாவுக்கு வாய்ஸ் நோட் போட்டேன்: "ஒட்டுப்படமான்னு தெரியல, முகப்போலியான்னும் இந்தக் காப்பிய வச்சு சொல்ல முடியாது, முதல்ல எடுத்தது யாருன்னு யாருக்காவது தெரியுமா கேளுங்க, அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க பெரியப்பா." கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது, "சரிப்பா, அழிச்சுட்டேன். சித்தப்பாவ திரும்ப சேத்து விடு."