கேசட்டில் ஊதாதீங்க

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த பழைய நின்டெண்டோ என்.இ.எஸ். வீடியோ கேம் பெட்டி, கோவையிலிருந்து வந்தாலும் ஈரோட்டிலிருந்து வந்தாலும் புகார் ஒன்றுதான்: சிவப்பு லைட் மினுங்குது, படம் வரலை. கேசட்டைத் திறந்தால் முனைகளில் பச்சையாகக் களிம்பு. ஊதி ஊதி ஏறிய ஈரம்.

ஏனுங்க, ஊதினால் கேம் ஓடும் என்று யார் சொன்னது? ஓடியது ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகியதால். மறுபடி செருகும்போது முனைகள் கொஞ்சம் இடம் மாறிப் பட்டு, தொடர்பு கிடைத்துவிடுகிறது. ஊதாமலே எடுத்துச் செருகிப் பாருங்க, அப்போதும் ஓடும். வாயிலிருந்து காற்றோடு எச்சிலும் போகிறது. ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது.

கோளாறு பெட்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமில், அதாவது இதே பெட்டியின் ஜப்பான் மாடலில், கேசட்டை மேலிருந்து நேராகச் செருகலாம். அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கேம் பெட்டி என்றாலே கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். அதனால் 1985 அக்டோபரில் நியூயார்க்கில் அதை என்.இ.எஸ். ஆகச் சோதனையாக இறக்கியபோது, வி.சி.ஆர். (வீடியோ கேசட் பிளேயர்) மாதிரி முன்பக்கம் செருகிக் கீழே அமுக்கும்படி மாற்றினார்கள். அமுக்க அமுக்க, கேசட்டின் முனைகளைப் பிடிக்கும் 72 முள் கனெக்டர் வளைந்து தளர்ந்துவிடுகிறது. கேசட்டிலுள்ள ஜோடிச் சிப்பிடமிருந்து பதில் வராவிட்டால், பெட்டிக்குள்ளே இருக்கும் பூட்டுச் சிப் (அனுமதியில்லாத கேசட்டைத் தடுப்பது) நொடிக்கொரு தரம் ரீசெட் செய்யும். மினுங்கல் அதுதான். 1993இல் வந்த மேலே செருகும் மாடலில் அந்தச் சிப்பே கிடையாது.

கேசட்டை 3.8 மி.மீ. கேம்பிட்டால் (இந்தத் திருகுக்கென்றே உள்ள ஸ்க்ரூடிரைவர் முனை) திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தங்கப்பூச்சு போய்விடும், வேண்டவே வேண்டாம். கனெக்டரைக் கழற்றி 10 நிமிஷம் கொதிக்க வைக்கலாம். ஆனால் நம்ம ஊர் போர் தண்ணியில் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்குங்க. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் மாட்டணும். மலிவான புதுக் கனெக்டர்கள் கேசட்டை உடும்புப் பிடியாகப் பிடிக்கும்; பழசு முறியாமல் இருந்தால் அதையே தேற்றுவது நல்லது.

இன்னொன்று, அடாப்டர். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம்ம 230இல் நேராகச் செருகினால் எரிந்துபோகும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அந்த அடாப்டர் கொடுப்பது 9 வோல்ட் ஏசி. பின் பொருந்துகிறதே என்று அதை ஃபேமிகாமில் மாட்டிவிடாதீங்க. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். ஏசி ஏறினால் கெபாசிட்டரும் ரெகுலேட்டரும் போச்சு. லேபிள் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஏசியிலும் டிசியிலும் வைத்து அளந்து பார்த்துட்டு மாட்டுங்க.